நதீராவின் பெயரில் ஒரு வளவு

கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊரான கல்முனைக்குடியில் ஒரு வீட்டில் பெண்பிள்ளை பிறந்தால், அவளுக்கு எங்கே வீடு கட்டுவது என்ற யோசனை அன்றைக்கே தொடங்கிவிடும். தகப்பன் கட்டுவான். அவனால் முடியாவிட்டால் அண்ணன் தம்பிகள் கட்டுவார்கள். தங்கையின் வீட்டுக்குக் கூரை ஏறும்வரை அண்ணன் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேச மாட்டான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வான். பக்கத்துப் பாண்டிருப்பில் தமிழர்களிடமும் இதே வழக்கம்தான். கோயிலும் பள்ளிவாசலும் வேறு. வீடு பெண்ணுக்கு என்பதில் இரண்டு ஊருக்கும் பேச்சு வேறில்லை.

இந்த வழக்கம் அப்படியொன்றும் புனிதமானதல்ல. வீடில்லாத பெண்ணை எவனும் கேட்டு வருவதில்லை. தங்கைகளின் சுவருக்காக எத்தனையோ அண்ணன்மார் அரபு நாடுகளில் இளமையைத் தொலைத்தார்கள். ஆனாலும் இதில் ஒரு நியாயம் இருந்தது. புருஷன் பெண்சாதிக்குள் சண்டை முற்றினால் வெளியே போகிறவன் புருஷன்தான். பெண்ணும் பிள்ளைகளும் கூரைக்குக் கீழேயே இருப்பார்கள். முப்பது வருடப் போரில் ஆண்கள் சுடப்பட்டும் காணாமலாக்கப்பட்டும் போனபோது, இந்தக் கரையில் குடும்பங்கள் தெருவுக்கு வராமல் நின்றது இதனால்தான்.

நதீராவின் வீட்டைக் கட்டியவன் அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், மீராசா. இருவரும் சிறுவர்களாக இருந்தபோதே வாப்பா மௌத்தாகிவிட்டார், தகப்பன் இல்லாத வீடு. மீராசா சொறிக்கல்முனைப் பக்கம் தமிழ் விவசாயிகளிடம் நெல் வாங்கி வந்து கல்முனைச் சந்தையில் விற்றான். உழைத்ததெல்லாம் கடற்கரையோரம் உம்மாவின் வளவில், அந்த வீட்டு நிலத்தில், சுவராக எழுந்தது. வளவை உம்மா நதீராவின் பெயருக்கு எழுதிவிட்டாள். தொண்ணூறாம் ஆண்டு, வெள்ளாமை வெட்டு முடிந்து நெல் மூட்டைகளோடு திரும்பி வருகையில் தமிழ் ஆயுதக்காரர்கள் உழவு இயந்திரத்தை மறித்தார்கள். கொல்லப்பட்ட மீராசாவின் மையத்து மறுநாள் வந்தது. அதற்குப் பழியாகச் சந்தையில் தமிழர்களின் கடைகள் எரிந்தன. எரிந்த கடைக்காரர்களில் எவரும் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டவர்கள் அல்லர். அதைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை.

கூரை இல்லாத சுவர்களுக்கு அயலவர்கள் சேர்ந்து ஓடு போட்டார்கள். அடுத்த வருடம் முபாறக் என்ற தையற்காரர் மாப்பிள்ளையாக அந்த வீட்டுக்கு வந்தார். மென்மையான மனிதர். யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொன்னதே சரி என்று நம்புகிறவர். ஹஸ்னா என்று ஒரு மகள் பிறந்தாள்.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் கடல் வந்தது. நதீராவின் உம்மாவும் மீராசாவின் சுவர்களும் ஒரே காலையில் போயின. பத்து வயது ஹஸ்னாவை முபாறக் ஒரு தென்னையோடு சேர்த்து அணைத்துக் காப்பாற்றினார். பிறகு கூடாரம், பலகைக் கொட்டில், அதன் பிறகு வேறொரு பலகைக் கொட்டில். அழுதவர்களிடம் எல்லாரும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள்: சபூர் செய்யுங்கள், பொறுமையாக இருங்கள். பொறுமையைக் கேட்டவர்கள் எல்லாரும் சுவருள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

கடலோரத்தில் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. உயிரைக் காக்கத்தானே, சரி என்றார்கள். பிறகு அறுகம்பேயில் வேலை செய்யப் போன பையன்கள் வந்து சொன்னார்கள், அங்கே வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகள் மணலில் கால் வைத்தபடி எழும்புகின்றன என்று. அலைக்கு உல்லாசப் பயணியையும் உள்ளூர்க்காரியையும் பிரித்தறியத் தெரியாது. சட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

ஊருக்கு மேற்கே வயலை நிரப்பி வெளிநாட்டு உதவியில் ஒரு வீட்டுத்திட்டம் எழுந்தது. கட்டி முடித்த வீடுகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. தமிழருக்கு எத்தனை, முஸ்லிம்களுக்கு எத்தனை என்று மேடையில் சண்டை போட்டவர்களில் ஒருவரும் கொட்டிலில் படுக்கவில்லை. போர் முடிந்தது. பட்டாசு கொளுத்தினார்கள். அதற்கும் இரண்டு வருடம் கழித்துத்தான் வீடுகளுக்குப் பெயர் பதிகிறோம், குடும்பத்தோடு வாருங்கள் என்று அரசாங்க அலுவலகமான கந்தோரிலிருந்து ஆள் வந்தது.

கந்தோர் வாசலில் இரண்டு வரிசை நின்றது. முஸ்லிம்கள் ஒரு பக்கம், தமிழர்கள் ஒரு பக்கம். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. இருபது வருடப் பழக்கம் கால்களுக்குத் தெரிந்திருந்தது. நதீரா மேசைக்கு முன்னால் போய் நின்றதும், வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த அந்த அலுவலர் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"குடும்பத் தலைவர் எங்க அம்மா?"

"ஆரு தலைவர்?"

"உங்கட கணவர்."

"அவர் இந்தா நிக்கார். ஆனா வீடு என்ட. என்ட காக்கா கட்டின வீடு, என்ட வளவு. அதுதானே கடல்ல போனது? அவர் எங்கட வீட்டுக்கு வந்தவர்."

அலுவலர் சிரித்தார். கெட்ட சிரிப்பல்ல, களைத்த மனிதனின் சிரிப்பு. "புருசன்ட பேர்ல இருந்தா என்ன, பெண்சாதிட பேர்ல இருந்தா என்ன? இரண்டு பேரும் ஒரே வீட்டிலதானே இருக்கப் போறீங்க?"

"என்ன வித்தியாசமும் இல்லையெண்டா என்ட பேரையே போடுங்களன்."

வரிசையில் ஆண்கள் சிரித்தார்கள். ஒருவன், "முபாறக் நானா, உங்களுக்குத் தலை இரிக்கா எண்டு தடவிப் பாருங்க" என்றான். முபாறக் உண்மையாகவே தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருடைய பெயர் பதியப்பட்டது.

அப்போது அடுத்த வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. பாண்டிருப்புக் கனகாம்பிகை. அவளுடைய கணவர் தங்கராசாவைத் தொண்ணூறில் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை.

"உங்களுக்காவது புருசன்ட பேரு" என்றாள் அவள் நதீராவைப் பார்த்து. "அவர் செத்துட்டார் எண்டு எழுதித் தா எண்டாங்க. நான் மாட்டன் எண்டன். அதால என்ட மகன்ட பேரப் போட்டிரிக்காங்க. நான் பெத்தது எனக்குத் தலைவராம் கா! மூக்குச் சளி துடைச்சு விட்டவள் நான்."

நதீராவுக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருடத்தில் பாண்டிருப்புப் பெண் ஒருத்தி சொன்னதற்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் வரிசையை விட்டு வெளியே வந்து வேப்பமரத்துக்குக் கீழே நின்று கதைத்தார்கள். கதை முடிய மத்தியானம் ஆனது. ஒருவருக்கொருவர் கொன்ற இரண்டு சமூகங்களை எப்படிச் சேர்ப்பது என்று பெரிய விடுதிகளில் கருத்தரங்கு நடத்தியவர்கள் அந்த வேப்பமரத்துப் பக்கம் வரவில்லை.

அலுவலர் சொன்ன அந்த 'என்ன வித்தியாசம்' ஆறு மாதத்தில் தெரிந்தது.

முபாறக்குக்கு ஸம்றா என்று ஒரு தங்கை. அண்ணன்மார் இருவரும் அவளுக்காகக் கடற்கரையில் கட்டிய வீடு கதவு நிலை மட்டத்தில் நின்றபோது கடல் கொண்டுபோனது. தாயும் தகப்பனும் அன்றே மௌத்தானார்கள். கல்யாணமாகாத பெண் தனிக் குடும்பமல்ல என்பது கந்தோர்க் கணக்கு. அவளை மூத்த காக்கா அச்சிமுகம்மதுவின் குடும்பத்தில் சேர்த்தார்கள். அச்சிமுகம்மது இருப்பது பிரதான வீதிக்கு அப்பால், மனைவியின் வீட்டில். அங்கே கடல் தண்ணீர் வரவில்லை. ஆகவே திட்டத்தில் வீடு இல்லை. ஸம்றாவுக்கு வயது முப்பத்திரண்டு. நிந்தவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்ட கேள்வி: வீடு எங்கே?

அச்சிமுகம்மது ஒருநாள் அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டுத்திட்டத்துக்கு வந்தார். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"தம்பி, உன்ட பேர்ல வீடு இரிக்கி" என்றார்.

"ஓம் காக்கா."

"தங்கச்சி குமராக் கெடக்காள். உம்மா வாப்பா மௌத்து. காக்காமார்ட கடமை என்ன?"

முபாறக் நிலத்தைப் பார்த்தார். நதீரா அறை வாசலில் நின்றாள்.

"மச்சான், இது என்ட வீட்டுக்குப் பதிலாத் தந்த வீடு."

"உன்ட வீடெண்டா உன்ட பேர் எங்க புள்ள?" அச்சிமுகம்மது குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையும் இருக்கவில்லை. "அரசாங்கம் முபாறக்குத்தான் தந்திரிக்கி. ஆம்புளைக்கு வீடு கிடைச்சா அது முதல்ல தங்கச்சிக்கு. பொண்டாட்டிக்கு அவட காக்கா குடுப்பான். இது நான் உண்டாக்கினதில்ல. உன்ட காக்காவும் அப்படித்தானே செஞ்சான்?"

அவர் சொன்னதில் ஊர் வழக்கத்துக்கு மாறாக ஒரு சொல்லும் இல்லை. ஒரு பெண்ணிடமிருந்து வீட்டைப் பிடுங்கி அவள் புருஷனுக்குக் கொடுத்தது கந்தோர். புருஷனிடமிருந்து அதை அவன் தங்கைக்கு வாங்கிக் கொடுக்க வந்திருந்தது வழக்கம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு பெண்கள், ஒரு கூரை. அந்தக் கந்தோர்க்காரர் அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகியிருந்தார்.

"நீங்க என்ன சொல்லுறீங்க?" என்று அன்று நதீரா கணவரைக் கேட்டாள்.

"காக்கா சொல்லுறதிலயும் நியாயம் இரிக்கி. நீ சொல்லுறதிலயும் இரிக்கி."

"நியாயம் ரெண்டு இரிக்கி. வீடு ஒண்டுதானே இரிக்கி?"

முபாறக் ஏதோ யோசித்துவிட்டு, "நான் பள்ளியில வெச்சு, ஜமாஅத்துக்கு முன்னால, இது நதீராட வீடு எண்டு சொல்லட்டா?" என்றார்.

"சொல்லுங்க. அல்லாஹ்வுக்குத் தெரியும். கந்தோருக்குத் தெரியாதே."

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வரும் நாள் குறிக்கப்பட்டது. முபாறக் எழுதிக் கொடுப்பதாக அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். நதீரா சண்டை போடவில்லை. மறுத்தால் ஸம்றாவின் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் வரும். இணங்கினால் ஹஸ்னாவுக்கு ஒன்றுமில்லை. ஹஸ்னாவுக்கு அப்போது பதினேழு. ஆண்பிள்ளை இல்லாத வீடு. வழக்கத்தை விட்டாலும், முபாறக் கண்ணை மூடினால் மார்க்கச் சட்டப்படி அவர் பெயரிலுள்ள சொத்தில் உடன்பிறந்தவர்களுக்கும் பங்குண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சுவர்கள் நதீராவுடையவை ஆகப் போவதில்லை. அவள் வீட்டைக் கழுவினாள். தேங்காய்ப்பால் இனிப்பான வட்டிலப்பம் செய்தாள்.

மாப்பிள்ளையின் தாயும் இரண்டு மாமிமாரும் வந்தார்கள். அறைகளை எட்டிப் பார்த்தார்கள். கிணறு இல்லை, குழாய்த் தண்ணீர்தானா என்று கேட்டார்கள். ஒரு மாமி சுவரைத் தட்டிப் பார்த்தாள். "அரசாங்க வீடு, சீமெந்து குறைச்சிருப்பானுகள்" என்றாள். வட்டிலப்பத்தை மட்டும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். பிறகு மாப்பிள்ளையின் தாய் ஸம்றாவைப் பக்கத்தில் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட வீடு நல்லாத்தான் இரிக்கி மகள்" என்றாள்.

ஸம்றா தலையை நிமிர்த்தினாள்.

"இது என்ட வீடில்ல. என்ட மதினிட வீடு."

"ஸம்றா!" என்றார் அச்சிமுகம்மது வாசலிலிருந்து.

"என்ட வீடு கடல்ல போயிட்டு. எனக்கு வீடில்ல. வீடில்லாம என்னை எடுக்க விருப்பமெண்டா எடுங்க. மதினியையும் அவட பிள்ளையையும் தெருவில விட்டுட்டு எனக்கு மாப்பிள வேணா."

மாமிமார் கைகழுவ எழும்பினார்கள். மாப்பிள்ளையின் தாய் போகும்போது ஸம்றாவின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. மறுநாள் அச்சிமுகம்மது தங்கையின் உடுப்புகளை ஒரு உரப்பையில் கட்டி, முச்சக்கர வண்டியில் தம்பி வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். "மதினி மதினி எண்டியே, இனி அவள் உனக்கு மாப்பிள பாக்கட்டும்" என்றாராம்.

ஸம்றா சமையலறையில் வெங்காயம் உரித்தாள். வெங்காயத்தைக் காரணம் சொல்லி அழுதாள். நதீரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் புள்ள அப்படிச் சொன்னாய்? வந்த சம்பந்தம் போச்சே."

"பொய் சொல்லியா கட்டுற மதினி? நாளைக்கு நீங்க வாசல்ல நிக்க, நான் உள்ள படுக்கவா?"

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, முபாறக் தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்:

"மச்சான் சொன்னது சரி. ஆம்புளைட வீடு தங்கச்சிக்குத்தான். இந்த வீட்டில ஸம்றா இரிக்கட்டும்."

முபாறக்கின் கை சோற்றில் நின்றது. "அப்ப நாங்க?"

"எனக்கு என்ட காக்கா தந்த இடம் இரிக்கி. உம்மா என்ட பேர்ல எழுதின வளவு. கடல் சுவரைத்தான் கொண்டுபோச்சு, நிலத்தைக் கொண்டுபோகல்ல."

"அங்க கட்ட ஏலாதே! தடை!"

"அறுகம்பேயில ஏலுமாம். நான் வெள்ளைக்காரி இல்ல, அவ்வளவுதானே?"

ஹஸ்னா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தென்னையைப் பிடித்தபடி உயிர் தப்பிய பிள்ளை அவள். கடல் இரையும் நாட்களில் இன்னமும் காதைப் பொத்திக்கொண்டு படுப்பாள். நதீரா கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றாள். "நீ வர வேணா. மாமியோட இரு. பயம் போனாப் பிறகு வா. போகாட்டி வராத. ஒருநாள் வளவை உன்ட பேருக்கு எழுதுவன், அதுக்குப் பயமில்லத்தானே" என்றாள்.

கட்டுவதற்குக் கல்முனைக்குடியில் மேசன் கிடைக்கவில்லை. தடையுள்ள இடத்தில் கை வைத்தால் வீட்டுத்திட்ட வேலைகள் போய்விடும் என்று பயந்தார்கள். நதீரா பாண்டிருப்புக்குப் போனாள். தொண்ணூறுக்குப் பிறகு அந்த ஒழுங்கைகளில் அவள் நடந்தது அன்றுதான். கனகாம்பிகையின் மருமகன் சுஜீபன் மேசன்.

"தடைக்குள்ளயா அக்கா? உடைக்க வந்தாங்களெண்டா?"

"உடைச்சா நீதான் திரும்பக் கட்டுவாய். உனக்கு ரெண்டு தரம் வேலை."

கனகாம்பிகை உள்ளேயிருந்து சொன்னாள்: "போடா. அவளுக்காவது தலைவர் இல்லாம ஒரு வீடு வரட்டும்."

ஒரு தமிழ்ப் பையன் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வந்து கல்லடுக்குவதைக் கல்முனைக்குடிக் கடற்கரையோரம் முதலில் சந்தேகத்தோடு பார்த்தது. மூன்றாம் நாள் பக்கத்து வளவு மனிதர் பதியுதீன், தொண்ணூறில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர், வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். சுவரை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். பிறகு, "தம்பி, அந்த மூலை சரிஞ்சு நிக்கி" என்றார். சுஜீபன் நூல் பிடித்துப் பார்த்தான். சரிந்துதான் இருந்தது. பதியுதீன் நூலின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டார். இதை யாரும் மன்னிப்பு என்று சொல்லக் கூடாது; அவர் மன்னிக்கவில்லை. சுவர் நேராக நிற்க வேண்டும் என்று நினைத்தார். போருக்குப் பிறகு மனிதர்கள் இப்படித்தான் பக்கத்தில் வந்தார்கள், முகம் கொடுக்காமல், கையை மட்டும் கொடுத்து.

ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, மேலே தகரம். அதற்குமேல் முடியவில்லை. நதீராவும் முபாறக்கும் குடிவந்தார்கள். முபாறக் தையல் இயந்திரத்தை ஜன்னலோரம் வைத்தார். ஹஸ்னா பகலில் வந்து போனாள்; கடலுக்கு முதுகைக் காட்டியபடி உட்காருவாள். ஸம்றா வீட்டுத்திட்டத்தில் இருந்தாள். அயலில் குமர்ப்பிள்ளை தனியே இருக்கலாமா என்று பேசினார்கள். அவள் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கத் தொடங்கினாள். பேசியவர்களே தங்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். அவளைக் கேட்டு இன்னும் யாரும் வரவில்லை.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், மாரிக்கு முன்னால், கரையோரச் சட்டத்தை அமுல் செய்கிறவர்கள் வந்தார்கள். கடற்கரை நெடுக, தடைக்குள் கட்டியவர்களுக்கெல்லாம் கட்டடத்தை அகற்றும்படி அறிவித்தல் கொடுத்துக்கொண்டு போனார்கள். ஓர் இளம் அலுவலர் நதீராவின் வாசலில் நின்று கூப்பிட்டார். முபாறக் தையலை விட்டு எழுந்து வந்தார்.

"நீங்கதானா வீட்டுத் தலைவர்? உங்கட பேர்?"

முபாறக் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றினார். அவர் வாழ்நாள் முழுவதும் கடைசியாகப் பேசியவரின் பேச்சையே கேட்டு வந்தவர். அன்று அவருக்கு முன்னால் யாரும் பேசியிருக்கவில்லை.

"நான் இல்ல" என்றார். "வீடு அவட. நதீரா! இஞ்ச வாங்க, உங்களத் தேடி வந்திரிக்காங்க."

நதீரா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வளவின் உறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொன்னார்கள், காட்டினாள். அலுவலர் குனிந்து எழுதினார். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். அவள் தன் பெயரை மெதுவாகச் சொன்னாள். வாப்பாவின் பெயரையும் சொன்னாள். உரிமையாளர் என்ற இடத்தில் அது பதிந்தது. வீட்டைத் தரும்போது அந்தப் பெயரைக் கேட்காத அரசாங்கம், உடைக்கச் சொல்லும்போது கேட்டு எழுதிக்கொண்டது.

"ஒரு மாதத்துக்குள்ள அகற்றோணும் அம்மா. இல்லாட்டி வழக்கு."

"ஆருக்கு மேல வழக்கு?"

"உங்களுக்கு மேலதான்."

"அவருக்கு மேல இல்லையே?"

"இல்ல. உரிமையாளர் நீங்கதானே."

"அப்ப சரி" என்றாள் நதீரா. "கோட்டுக்கு நான் வாறன்."

அவள் போனாள். கனகாம்பிகையும் கூடப் போனாள். அவளுக்கு வழக்கு ஒன்றுமில்லை. தவணைக்கு மேல் தவணை போட்டார்கள். வீடு இன்னும் உடைக்கப்படவில்லை, அனுமதிக்கப்படவும் இல்லை. மின்சாரம் தர மறுத்துவிட்டார்கள். இரவில் அந்த வளவில் ஒரு மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிகிறது.